ஊர் சேர்ந்து மெழுகிய தரை

இனிமேல் இந்த மலையில் கடையும் கிடங்கும் வைத்திருப்பவர்களின் இன்சூரன்ஸ் தகராறுகள் உங்கள் மேஜைக்குத்தான் வரும். என் கண்கள் சின்ன எழுத்தைக் கைவிட்டுவிட்டன. பாலிசியில் முக்கியமானவை எல்லாம் சின்ன எழுத்தில்தான் இருக்கின்றன என்பதால், அறுபது ஆகும் முன்பே நான் விலகிக்கொள்ள வேண்டியதாயிற்று.

நோட்டீஸ் எழுதுவது, எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடுவது போன்றவற்றை நீங்கள் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். படிப்பில் வராத ஒன்றை மட்டும் எழுதிவைக்கிறேன். கட்சிக்காரர்கள் நம்மிடம் பொய் சொல்வார்கள். அதற்காகக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று பாருங்கள். எனக்கு அது ஓரளவு விளங்கியது ஒரு பூண்டுக் கிடங்கு எரிந்த விவகாரத்தில். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர், கொடைக்கானல் மலையில் பூண்டிக்கு அப்பால் உள்ள ஒரு சிற்றூர் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு பங்குனி மாதத்துக் காலையில் சடையாண்டி என்ற பூண்டு வியாபாரியும் அவர் மனைவி பொன்னுத்தாயும் கொடைக்கானலில் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். சடையாண்டி அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்துப் பொன்னுத்தாய் பேசுவார். ஊரார் விளைவித்த பூண்டை வாங்கிக் கீழே மண்டிக்கு அனுப்புவது அவர்கள் தொழில். அடுத்த நடவுக்காக ஒவ்வொரு வீடும் எடுத்துவைக்கும் விதைப்பூண்டும் அவர்கள் கிடங்கில்தான் இருக்கும். ஊரில் அவ்வளவு பெரிய கட்டடம் அது ஒன்றுதான். மாசியில் ஒரு பகல், பெருங்காற்று அடித்த நேரத்தில், கிடங்கு எரிந்துபோயிற்று. யாருக்கும் காயமில்லை. பூண்டு ஒரு பல்கூட மிஞ்சவில்லை.

கிடங்குக்குத் தீ இன்சூரன்ஸ் இருந்தது. பிறர் நம்பி விட்டிருந்த சரக்கும் அதில் அடக்கம். ஆனால் கம்பெனி இரண்டு காரணம் காட்டி மறுத்துவிட்டது. கிடங்குக்குள் தீ மூட்டும் வழக்கம் இல்லை என்று விண்ணப்பத்தில் சொல்லியிருந்தார்கள், அது பொய் என்பது முதல் காரணம். தீக்குப் பிறகு தடயத்தை அழித்தார்கள் என்பது இரண்டாவது. இந்த இரண்டாவதுதான் எனக்குக் கவலை தந்தது. தவறான பதிலுக்கு விளக்கம் சொல்லலாம். மோசடி என்று முத்திரை விழுந்துவிட்டால் எழுந்திருப்பது கடினம்.

"கிடங்குக்குள்ள தீ போடுறதுண்டா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க," என்றார் சடையாண்டி.

"தீங்கிற சோலியே கெடையாதுங்கய்யா," என்றார் பொன்னுத்தாய். "சித்திர முடியிறதுக்குள்ள நட்டாகணும். வெரசா எதாச்சும் பண்ணுங்க. விதையில்லாம ஊரே கையப் பெசஞ்சுக்கிட்டுக் கெடக்கு."

விதை வேறு வழியில் கிடைக்காமல் இல்லை. கீழே ஒரு மண்டிக்காரர் கொடுக்கத் தயாராக இருந்தார். பதிலுக்கு, விளைந்ததை எல்லாம் அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். அந்த மண்டிக்காரரிடம் ஒரு தடவை விதை வாங்கிய ஊர், மறு வருஷமும் அவரிடம்தான் வாங்க வேண்டியிருக்கும். கம்பெனிப் பணம் நடவுக்கு முன்னால் வருமா என்பதில் அந்த ஊரின் வரப்போகும் பல வருஷங்கள் அடங்கியிருந்தன.

இன்சூரன்ஸ் விவகாரம் எதுவானாலும் காகிதத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். எரிந்த இடத்தை முதலில் போய்ப் பாருங்கள். நான் பஸ் போகும் மட்டும் போய், மீதியை நடந்தேன். ஊர் எல்லையிலேயே தீய்ந்த பூண்டின் வாசம் வரவேற்றது. தீப்பிடித்து ஒரு மாதம் ஆகியும் அது மண்ணை விட்டுப் போகவில்லை. வழியில் கேரட் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம், "சடையாண்டி கிடங்கு எங்கே இருக்கு?" என்றேன்.

"நேரா போங்க. அங்க தீயே போடுறதில்லைங்க," என்றார் அவர்.

நான் கேட்காத கேள்விக்குப் பதில் வந்ததும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டேன். அடுத்துப் பார்த்த பெரியவரும், கோவில் வாசலில் நின்ற அம்மாளும் அதே சொற்களை அதே வரிசையில் சொன்னார்கள். ஊர் முழுக்க மனப்பாடம் பண்ணி வைத்திருந்தது.

கிடங்கில் மிஞ்சியது நான்கு கரிந்த சுவர்கள். கூரையின் தகரங்கள் சுருண்டு கிடந்தன. உத்தரங்கள் கரிக்கட்டையாகக் கோணிக்கொண்டு நின்றன. இவ்வளவு அழிவுக்கு நடுவில் தரை மட்டும் பசுஞ்சாணம் போட்டு, கை அடையாளம் வரிசை வரிசையாகத் தெரிய, வழவழவென்று மெழுகப்பட்டிருந்தது. கல்யாண வீட்டில்கூட அவ்வளவு சுத்தமான தரையை நான் பார்த்ததில்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"இதை யாரும்மா மெழுகினது?"

"எல்லாரும் சேந்துதாங்க," என்றார் பொன்னுத்தாய், கொஞ்சம் பெருமையோடு. "கம்பெனி ஆளு வாராருன்னாங்க. எரிஞ்ச எடத்த அப்படியே போட்டு வச்சா மரியாதையா இருக்குமா?"

"நடுவில் அடுப்புக் கல்லு இருந்திருக்குமே, அது எங்கே?"

"எந்தக் கல்லுங்க?"

அந்த ஊரில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் பரண் கம்புகளில் பூண்டு தாளோடு கட்டுக் கட்டாகத் தொங்கும். அடியில் ஈர விறகு மெல்லப் புகைந்துகொண்டிருக்கும். அந்தப் புகை படாவிட்டால் மலைப்பூண்டு நடவு வரை தாங்காது, பூச்சி விழுந்துவிடும். இதைக் கொடைக்கானல் சந்தையில் கூடை தூக்குபவர்கூடச் சொல்வார்.

"எல்லா வீட்டிலும் புகை போடுறீங்க. கிடங்கில் மட்டும் எப்படி?"

"அது காத்துலயே காஞ்சிருங்க."

"இந்தக் குளிரிலயா? இந்த மூடுபனியிலயா?"

பொன்னுத்தாய் என்னை நேராகப் பார்த்தார். "எங்க ஊரு காத்து அப்படிங்க," என்றார். சடையாண்டி திரும்பிக்கொண்டு மலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

இங்கே ஒரு தொழில் யோசனை. கட்சிக்காரர் பொய் சொல்கிறார் என்று தெரிந்ததும், "உண்மையைச் சொல்" என்று மிரட்டுவது பல வக்கீல்களின் வழக்கம். மிரட்டினால் இன்னொரு பொய் கிடைக்கும். நான் யோசித்தது வேறு. பணத்துக்காகப் பொய் சொல்பவர்கள் இப்படி ஊரைக் கூட்டி, தரையை மெழுகி, அதில் பெருமையும் படமாட்டார்கள். இவர்கள் யாரையோ காப்பாற்றுகிறார்கள். ஆகவே தீயைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு, வேறு கேட்டேன்.

"அந்த விண்ணப்பத்தை எழுதினது யாரும்மா? இங்கிலீஷில் இருக்கே."

"சுந்தரம் தம்பிதான். வத்தலக்குண்டு. கம்பெனிக்கு ஆள் புடிச்சுக் குடுக்கிற ஏஜெண்டு." சொல்லிவிட்டு, "அந்தத் தம்பிமேல எதும் வராதில்லைங்க?" என்று கேட்டார். குரல் மாறிவிட்டிருந்தது.

அதன்பின் அவர் வீட்டில் கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். சுந்தரம் முதல் முறை வந்தபோது மழையில் நனைந்து காய்ச்சலோடு வந்திருக்கிறார். பொன்னுத்தாய் பூண்டு ரசம் வைத்துக் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார். காய்ச்சல் விட்டதும் அவர் இவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். பாலிசி எழுதும்போது, உள்ளே தீ உண்டு என்று போட்டால் கம்பெனி இழுத்தடிக்கும் என்பதால், இல்லை என்று அவரே போட்டுக்கொண்டார். தீப்பிடித்த மறுநாள் ஓடி வந்து, எரிந்த சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். உண்மை தெரிந்தால் தன் வேலை போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்.

"அவனுக்கும் புள்ள குட்டி இருக்குல்லங்க," என்றார் சடையாண்டி. அன்று அவர் பேசிய முதல் நீண்ட வாக்கியம் அது.

"உங்க ஊரின் விதை?"

"அதுக்குத்தான் ஒங்ககிட்ட வந்திருக்கம்," என்றார் பொன்னுத்தாய். "ரெண்டும் நடக்கணுங்க. அவனும் தப்பிக்கணும், எங்களுக்கும் பணம் வரணும். அப்படி எதும் சட்டத்துல இல்லையா?"

அப்படி எதுவும் சட்டத்தில் இல்லை என்று சொன்னேன். இருப்பதையும் விளக்கினேன். கவனக்குறைவால் தீப்பிடித்தாலும் தீ இன்சூரன்ஸ் பணம் கொடுக்கத்தான் வேண்டும். புகை போட்டது குற்றமில்லை, மறைத்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. கம்பெனியின் சொந்த ஏஜெண்டே எல்லாவற்றையும் பார்த்துத் தெரிந்து எழுதியிருந்தால், மறைத்தார்கள் என்று சொல்வது அவர்களுக்குக் கஷ்டம். அதுவும் முழுக்க உறுதியான வாதமில்லை. விண்ணப்பத்தை நிரப்பும்போது ஏஜெண்டு யாருடைய ஆள் என்பதில் தீர்ப்புகள் இரண்டு பக்கமும் உண்டு. ஆனால் நம்மிடம் இருக்கிற ஒரே வாதம் அதுதான். ஊர் சேர்ந்து "தீயே இல்லை" என்று சொல்லச் சொல்ல, அந்த ஒரு வழியையும் நாமே அடைத்துக்கொள்கிறோம்.

சடையாண்டி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "புகை போட்டத சொல்லிர்றேன். தரைய மெழுகுனதையும் சொல்லிர்றேன். அவன் பேர மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லக் கூடாதுங்க."

"அப்படின்னா தோற்கலாம்."

"தோத்தா தோத்ததுதான்."

நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். கட்சிக்காரர் தடுத்ததை நாம் வெளியே சொல்ல முடியாது. பொய்யான ஒன்றைக் கோர்ட்டில் வைக்கவும் முடியாது. இரண்டு கதவும் சாத்தியிருக்கும்போது ஒரு சிறிய ஜன்னல் இருந்தது. சுந்தரத்தைப் போய்ப் பார்க்க அனுமதி கேட்டேன். மிரட்டுவதில்லை என்று பொன்னுத்தாய் என்னிடம் உறுதி வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்.

வத்தலக்குண்டில் சுந்தரத்தின் வீட்டைக் கண்டுபிடித்தேன். முப்பது வயதுக்குள் இருப்பார், ஒல்லியான ஆள். நான் யார் என்று சொன்னதும் ஓரடி பின்வாங்கினார். நான் முதலில் சொன்னது இதுதான்: "நான் சடையாண்டியின் வக்கீல். உங்கள் வக்கீல் இல்லை. அவருக்கு நல்லதாக இருப்பது உங்களுக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் வேறு யாரையாவது யோசனை கேட்டுக்கொள்ளுங்கள்." எதிரே இருப்பவர் பயந்தவராக இருக்கும்போது இதைச் சொல்லாமல் விடுவது சுலபம். விடாதீர்கள்.

அவர் என்னைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். "அக்கா வரலயா?"

"வரலை. உங்க பேரைச் சொல்லக் கூடாதுன்னு எனக்கு உத்தரவு போட்டிருக்காங்க."

"நடவு எப்பங்க?"

சொன்னேன். விதை தருவதாகச் சொல்லும் மண்டிக்காரரைப் பற்றியும் சொன்னேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. நானும் அவரை எதுவும் செய்யச் சொல்லவில்லை. வாசல் வரை வந்து, "பஸ் அந்தப் பக்கம் நிக்குங்க" என்று வழி காட்டினார்.

கம்பெனியின் மதுரை மேலாளர், வழக்குக்கு முன்னால் ஒரு முறை உட்கார்ந்து பேசச் சம்மதித்தார். கண்ணியமான மனிதர், ஆனால் விட்டுக்கொடுக்காதவர். அவர் அறையில் ஒரு பக்கம் நானும் சடையாண்டியும் பொன்னுத்தாயும். எதிர்ப்பக்கத்தில், கம்பெனி தன் சாட்சியாக அழைத்திருந்த சுந்தரம், சுவரோரமாக ஒரு நாற்காலியில். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

சடையாண்டி எழுந்து நின்று பேசினார். கிடங்கில் புகை போட்டதுண்டு. அன்று காற்றில் பொறி பறந்து பரணில் பிடித்துவிட்டது. கல்லைத் தூக்கிப் போட்டுத் தரையை மெழுகியது நாங்கள்தான். இவ்வளவையும் நிதானமாகச் சொன்னார். மேலாளர் எழுதிக்கொண்டே கேட்டார்.

"அப்போ, தீ இல்லைன்னு விண்ணப்பத்தில் ஏன் சொன்னீங்க?"

சடையாண்டி துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. யாரோ எழுதியிருக்காங்க. அப்படி எழுதச் சொன்னது யாரு?"

பொன்னுத்தாய் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க சொன்னேன்," என்றார் சடையாண்டி. "எழுதுனவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

என் வழக்கு அந்த ஒரு வாக்கியத்தில் செத்துவிட்டது. அது பொய் என்று எனக்குத் தெரியும். சொல்லவும் எனக்கு அனுமதியில்லை. மேலாளரின் பேனா காகிதத்தைத் தொடுவதற்குள் நான் எழுந்துவிட்டேன். "அந்தப் பதிலை எழுத வேண்டாம். என் கட்சிக்காரரோடு நான் தனியாகப் பேச வேண்டும். கொஞ்சம் நேரம் கொடுங்கள்," என்றேன். வெளியே கூட்டிப்போய் அவரிடம் என்ன சொல்வது என்று எனக்கே தெரியாது. பேச்சை நிறுத்த வேண்டும் என்பது மட்டும்தான் தெரிந்தது. சில நேரங்களில் நாம் செய்யக்கூடியது அவ்வளவுதான், அதையும் சரியான நொடியில் செய்ய வேண்டும்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சுவரோரத்தில் சுந்தரம் எழுந்து நின்றார்.

"அண்ணன் பொய் சொல்றாருங்க, சார்."

"ஏலே, உக்காருலே," என்றார் பொன்னுத்தாய், மேலாளர் இருப்பதையே மறந்து.

"இருங்க அக்கா." சுந்தரம் மேலாளர் பக்கம் திரும்பினார். "அவரு புகை போடுறத மறைக்கவே இல்ல, சார். நான் அந்தக் கிடங்குக்குள்ளதான் உக்காந்து எழுதுனேன். குளிர்ல கை வெறச்சுப் போச்சு, பேனாவப் புடிக்க முடியல. அந்தத் தீயிலதான் கையச் சூடு காட்டிக்கிட்டு எழுதுனேன். தீ இல்லைன்னு எழுதுனது அந்தத் தீப்பக்கத்துல உக்காந்துதான், சார். எனக்கு ஒரு பாலிசி வேணும். அதுக்காக எழுதுனேன். இவங்களுக்கு அதுல என்ன எழுதியிருக்குன்னே தெரியாது."

மேலாளர் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். எழுந்துபோய் ஜன்னலருகே நின்றார். சிரிப்பை அடக்கினாரா, கோபத்தை அடக்கினாரா என்று பின்பக்கத்திலிருந்து தெரியவில்லை. திரும்பி வந்தபோது முகம் சாதாரணமாக இருந்தது.

"இதைக் கோர்ட்டில் ஒரு நீதிபதி கேட்கிற மாதிரி வைக்க எனக்கு விருப்பமில்லை," என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். புகைப் பரண் உள்ள கிடங்கு என்றால் கூடுதலாக வசூலித்திருக்க வேண்டிய பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு, மீதியைக் கொடுக்கச் சிபாரிசு செய்வதாகவும், நடவுக்கு முன்னால் கிடைக்கும்படி தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். சொன்னபடி செய்தார். பிறகு சுந்தரத்தின் பக்கம் திரும்பி, "நீ நாளையிலிருந்து வர வேண்டாம்," என்றார். அதைச் சத்தம் போடாமல்தான் சொன்னார்.

சுந்தரத்துக்காக ஒரு வார்த்தை பேச வாயெடுத்தேன். அவரே கண்ணால் என்னை வேண்டாம் என்று தடுத்துவிட்டார்.

வெளியே மாடிப்படியில் இறங்கும்போது பொன்னுத்தாய் கையிலிருந்த துணிப்பையால் சுந்தரத்தின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

"ஒன்னைய யாருலே பேசச் சொன்னா? நாங்க எப்படியாச்சும் சமாளிச்சிருப்பம்ல! இப்பப் பொண்டாட்டிகிட்டப் போய் என்ன சொல்லுவ?"

"நீங்க சமாளிச்ச லட்சணத்தத்தான் பாத்தேனே, அக்கா. எரிஞ்ச கட்டடத்துல தரைய மட்டும் மெழுகி வச்சிருக்கீங்க. ஒரு கோலமும் போட்டிருக்க வேண்டியதுதான?"

"போடலாம்னுதான் சொன்னேன். இவருதான் வேணாம்னுட்டாரு," என்றார் பொன்னுத்தாய். அழுதுகொண்டேதான் சொன்னார்.

சடையாண்டி படியின் கடைசியில் நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் இயல்புப்படி சுருக்கமாகப் பேசினார். "கவுஞ்சிப் பக்கம் விதை இருக்காம். ஊர் ஊராப் போய்ப் பேசி, பாத்து வாங்கணும். எனக்குப் பேச வராது. நீ வாரியாலே?"

"எனக்குப் பூண்டு பாத்து வாங்கத் தெரியாதுண்ணே."

"நான் பாத்துக்கிறேன். நீ பேசு."

பஸ் நிலையம் வரை அவர்கள் மூவரும் எந்த ஊருக்கு முதலில் போவது, யாரிடம் நல்ல விதை இருக்கும், வீட்டுக்கு எப்படித் தகவல் சொல்லி அனுப்புவது என்று பேசிக்கொண்டே நடந்தார்கள். நான் பின்னால் நடந்தேன். ஒரு வழக்கு முடிந்தது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல அடையாளம் இது: கட்சிக்காரர்களுக்கு வக்கீலின் நினைவே இருக்காது. பஸ் புறப்பட்டு ஆடி அசைந்து திரும்பும் நேரத்தில்தான் பொன்னுத்தாய் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

"வக்கீலய்யா! நடவுக்கு வெள்ளனே வந்துருங்க, வெயிலுக்கு முன்ன. ஒரு பாத்தி ஒங்க கையால நடணும்!"

போனேன். நான் நட்ட பாத்தியைப் பார்த்துவிட்டுப் பொன்னுத்தாய், வரிசை கோணல் என்று எல்லாவற்றையும் பிடுங்கி மறுபடி நடச் சொன்னார்.